கப்பல் மூழ்கியவரும் பில் வராதவனும்

2022 மார்ச்சில் எங்கள் யூனிட்டில் 14 மெஷின் ஓடியது. அந்த வருஷம் டிசம்பரில் 5. நடுவில் என்ன நடந்தது என்று திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நூல் விலை தலைக்கு மேல் ஏறியது, ஐரோப்பாவில் ஆர்டர் படுத்தது, பெரிய கம்பெனிகள் கையைக் கட்டிக்கொண்டன. அவர்களிடம் ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுக்கும் என்னைப் போன்றவர்கள் சனிக்கிழமைச் சம்பளத்துக்காக நகையைத் தூக்கிக்கொண்டு அடகுக்கடைக்கு ஓடினோம். எனக்கு 9,40,000 ரூபாய் பில் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டது. "அடுத்த வாரம் பாஸ் ஆயிருமுங்க" என்றான் அந்த அக்கவுண்ட்ஸ் பையன். அவன் சொன்ன அடுத்த வாரம் இரண்டு வருஷம் கழித்துத்தான் வந்தது, அதுவும் முழுசாக வரவில்லை.

அந்த அடியைத் தாங்கிக்கொள்ள நான் போய் ஒதுங்கிய இடம் பழைய கிரேக்கத் தத்துவம். பனியன் கம்பெனிக்காரனுக்கும் சாக்ரடீஸுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம், என் மச்சானும் கேட்டார். அந்தப் படிப்பு என்னைக் கரையேற்றியது உண்மை. அதை ஆரம்பத்தில் தப்பாகப் படித்ததால் 14 மாதம் வீணானது, கையிலிருந்து கூடுதலாகப் பணம் போனது, பெற்ற தாய்க்கு முன்னால் கல் மாதிரி நின்றேன், அதுவும் உண்மை. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து "இதை இப்படிப் படிக்காதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதி மிச்சமாகியிருக்கும். எனக்கு யாரும் கிடைக்கவில்லை.

ஆரம்பம் எல்லோருக்கும் போலத்தான். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் போனை நோண்டிக்கொண்டிருந்தபோது ஒரு வீடியோ வந்து நின்றது. தாடி வைத்த பளிங்குச் சிலை, பின்னால் கனத்த இசை, ஆங்கிலத்தில் ஒரு குரல். ஜீனோ என்ற வியாபாரியின் கதை. சைப்ரஸ் தீவுக்காரர். ஃபினீஷியாவிலிருந்து ஊதாச் சாயம் ஏற்றிக்கொண்டு வந்த கப்பல் ஏதென்ஸின் துறைமுகம் பக்கம் மூழ்கிவிடுகிறது. எல்லாம் போன மனுஷன் ஏதென்ஸில் ஒரு புத்தகக் கடையில் போய் உட்காருகிறார், சாக்ரடீஸைப் பற்றி யாரோ வாசிப்பது காதில் விழுகிறது, "இப்படிப்பட்டவர்கள் எங்கே கிடைப்பார்கள்?" என்று கடைக்காரரைக் கேட்கிறார். அந்த நேரம் தெருவில் கிரேட்டீஸ் என்ற தத்துவஞானி போகிறார். "அந்த ஆளைப் பிடித்துக்கொள்" என்கிறார் கடைக்காரர். நம் கையில் இல்லாததற்குக் கலங்காதே என்கிற ஸ்டோயிக் தத்துவம் இப்படித்தான் பிறந்ததாம். சாயம், சரக்கு, நஷ்டம்! நம்ம ஊர்க்காரர் மாதிரியே இருந்தார். எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கதையைப் பிற்பாடு மூலத்தில் தேடிப் படித்தேன். டயோஜனீஸ் லயர்ட்டியஸ் என்பவர் பழைய தத்துவஞானிகளின் வாழ்க்கையைப் 10 பாகமாக எழுதி வைத்திருக்கிறார், அதில் ஏழாவதில் வருகிறது. வேடிக்கை என்னவென்றால் அவரே பல விதமாகச் சொல்கிறார். கப்பல் மூழ்கும்போது ஜீனோ ஏற்கெனவே ஏதென்ஸில்தான் இருந்தார் என்று சிலர் சொல்கிறார்களாம். சரக்கை நல்லபடியாக விற்றுவிட்டுத்தான் தத்துவத்துக்கு வந்தார் என்று இன்னும் சிலர். அவர் கிரேக்கத்துக்கு வந்தபோது கையில் ஆயிரம் டாலண்டுக்கு (அந்தக் காலத்துப் பெரிய பண அளவு) மேல் இருந்தது, அதைக் கப்பல் வியாபாரத்துக்கு வட்டிக்கு விட்டார் என்றுகூட ஒரு வரி இருக்கிறது. இதையெல்லாம் வீடியோக்காரர் விழுங்கிவிட்டார். எல்லாம் போனவன் கதைக்குத்தானே என்னைப் போன்றவன் பணம் கட்டுவான்.

கட்டினேன். 24,999 ரூபாய், மூன்று தவணை. தினம் ஒரு பொன்மொழி, காலை 5 மணிக்குப் பச்சைத் தண்ணீர்க் குளியல், வாரம் ஒரு ஆன்லைன் கூட்டம், முடிவில் சர்டிபிகேட். சம்பளம் போடக் காசில்லாதவன் எதற்காக அதைக் கட்டினான் என்று கேட்டால் சத்தியமாக இன்றைக்கும் பதில் இல்லை. மூழ்குகிறவன் எதையாவது பிடிப்பான். ஒன்று மட்டும் சொல்கிறேன், இதைப் படிக்கிற யாரும் இதற்காக ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். பிளேட்டோ, அரிஸ்டாட்டில், எபிக்டெட்டஸ், மார்கஸ் அரேலியஸ் எல்லோருக்கும் காப்புரிமை காலாவதியான பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் புராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் இலவசம். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் தளத்தில் கிரேக்க மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் சேர்த்தே பார்க்கலாம். என் ஆங்கிலம் பில் போடுகிற ஆங்கிலம்தான். அதை வைத்துக்கொண்டு அகராதியோடு மெதுவாகப் படித்தேன். முடியும்.

அந்தப் பயிற்சியில் கொடுத்த முதல் நூல் எபிக்டெட்டஸின் கையேடு. எபிக்டெட்டஸ் அந்த ஸ்டோயிக் வழி வந்தவர், அடிமையாகப் பிறந்து வளர்ந்தவர், கால் ஊனம், நீரோவிடம் செயலாளராக இருந்த ஒருவருக்குச் சொந்தமாக ரோமில் இருந்தவர். பிறகு விடுதலை ஆகி, டொமீஷியன் என்ற பேரரசன் தத்துவஞானிகளைத் துரத்தியபோது மேற்குக் கிரேக்கத்தில் நிக்கோபோலிஸ் ஊருக்குப் போய்ப் பள்ளிக்கூடம் வைத்தார். அவர் கைப்பட எதுவும் எழுதவில்லை. அர்ரியன் என்ற மாணவர் குறித்து வைத்ததுதான் நமக்கு வந்திருக்கிறது. கையேடு 53 சின்னச் சின்னப் பத்திகள். முதல் பத்தியிலேயே அவர் கோடு கிழித்துவிடுகிறார்: நம் அபிப்பிராயம், நம் ஆசை, நம் வெறுப்பு, இவை நம் கையில் இருப்பவை. உடம்பு, சொத்து, பேர், பதவி, இவை நம் கையில் இல்லாதவை. இரண்டாவதை முதலாவது என்று நினைத்தவன் புலம்பியே சாவான்.

அதைப் படித்த ராத்திரி ஆறு மாதத்துக்குப் பிறகு ஐந்து மணி நேரம் தூங்கினேன். அந்த நிம்மதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வலி மாத்திரையும் நிம்மதிதான் தரும். பல்லுக்குள் சீழ் இருக்கும்போது மாத்திரை போட்டுக்கொண்டே இருந்தால் என்ன ஆகுமோ அதுதான் எனக்கு ஆனது.

கையேட்டின் மூன்றாவது பத்தி ஒன்று இருக்கிறது. ஒரு பானை உனக்குப் பிரியமானது என்றால் 'இது பானை' என்று சொல்லிக்கொள், உடைந்தால் கலங்க மாட்டாய். மனைவியையோ பிள்ளையையோ முத்தமிடும்போது, முத்தமிடுவது ஒரு மனுஷ உயிரை என்று சொல்லிக்கொள், செத்துப்போனால் கலங்க மாட்டாய். இதை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். 2023 ஆவணியில் அம்மா தண்ணித் தொட்டி பக்கத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. கோயம்புத்தூரில் ஆபரேஷன், 9 ராத்திரி ஆஸ்பத்திரி. ஒன்பது ராத்திரியும் தரையில் பாய் விரித்துப் படுத்தது என் மனைவி. நான் காலையில் போவேன், அரை மணி நேரம் கட்டில் ஓரத்தில் நிற்பேன், பணத்தைக் கட்டுவேன், கம்பெனிக்குத் திரும்பிவிடுவேன். உடம்பு நம் கையில் இல்லை, கலங்கி என்ன ஆகப்போகிறது என்று எனக்குள் ஒரு பெருமிதமே இருந்தது. பயிற்சி வேலை செய்கிறது என்று நினைத்தேன். நாலாம் நாள் அம்மா என் முகத்தையே பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, உனக்கு ஒடம்புக்கு என்ன பண்ணுது?" என்று கேட்டார். இடுப்பு உடைந்து படுத்திருக்கிறவர் என்னைக் கேட்டார். வெளியே வராந்தாவில் மனைவி சொன்னார்: "உங்ககிட்டப் பேசறதுக்கு அந்த குளுக்கோஸ் ஸ்டேண்டுகிட்டப் பேசலாமுங்க." அதற்கும் நான் கலங்கவில்லை. மூன்றாவது பத்தியை மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

பில் விஷயத்திலும் இதே கதை. சொத்து நம் கையில் இல்லை என்று எபிக்டெட்டஸே சொல்லிவிட்டாரே. 14 மாதம் அந்தக் கம்பெனிக்கு நான் ஒரு போன் செய்யவில்லை. கேட்டவர்களிடம் "வரவேண்டியது வரும்" என்பேன். அதைச் சொல்லும்போது குரலே மாறிவிடும் என்று என் கட்டிங் மாஸ்டர் பிற்பாடு சொல்லிச் சிரித்தார்.

வண்டி எங்கே திரும்பியது என்றால் ஒரு பிளக்ஸ் கடையில். யூனிட் சுவரில் மாட்ட அரிஸ்டாட்டில் சொன்னதாக உலகம் முழுக்கச் சுற்றும் ஒரு வாக்கியத்தைத் தமிழில் எழுதிக்கொண்டு போனேன்: நாம் திரும்பத் திரும்பச் செய்வது எதுவோ அதுவே நாம், ஆகவே சிறப்பு என்பது ஒரு செயல் அல்ல, ஒரு பழக்கம். மூன்று போர்டு, 1,800 ரூபாய். டிசைன் போடுகிற பையன், "எந்த புக்குன்னு கீழ போடட்டுங்களா?" என்று கேட்டான். தெரியாது என்று சொல்ல வெட்கம். வீட்டுக்கு வந்து தேடினேன். அரிஸ்டாட்டில் அப்படி எழுதவே இல்லை. வில் டியூரன்ட் என்ற அமெரிக்கர் 1926-ல் வெளியிட்ட தத்துவ வரலாற்றில் அரிஸ்டாட்டிலைச் சுருக்கிச் சொல்லும்போது தன் சொந்த வார்த்தையில் எழுதியது அது. கருத்து அரிஸ்டாட்டிலுக்குத் தூரமில்லை. கட்டிக் கட்டித்தான் கொத்தனார் ஆகிறோம், யாழ் வாசித்து வாசித்துத்தான் வாசிப்பவர் ஆகிறோம், நியாயமானதைச் செய்து செய்துதான் நியாயஸ்தர் ஆகிறோம் என்று அவர் சொல்லியிருக்கிறார். ஆனால் 24,999 ரூபாய்ப் பயிற்சியில் முதல் நாள் பொன்மொழியே இரவல் என்றால் மற்றதெல்லாம் என்ன என்று சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகம்தான் எனக்குக் கிடைத்த சர்டிபிகேட்.

இங்கே ஒரு தொழில்நுட்பம், எனக்கு யாரும் சொல்லித் தராதது. அரிஸ்டாட்டிலின் எந்தப் பதிப்பை எடுத்தாலும் ஓரத்தில் 1103 ஏ, 1105 பி என்று எண் இருக்கும். 1831-ல் பெர்லினில் பெக்கர் என்பவர் பதிப்பித்த கிரேக்கப் பதிப்பின் பக்க எண் அது. ஏ இடது பத்தி, பி வலது பத்தி. பிளேட்டோவுக்கு 1578-ல் ஸ்டெஃபானஸ் போட்ட பதிப்பின் பக்க எண். உலகத்தில் எந்த மொழிபெயர்ப்பாக இருந்தாலும் இந்த எண் மாறாது. யாராவது கிரேக்கப் பொன்மொழி அனுப்பினால் எண் கேளுங்கள். எண் இல்லாதது பாதிக்கு மேல் போலி என்பது என் அனுபவம். எனக்கு நானே விதித்துக்கொண்ட விதியும் அதுதான், எண்ணைப் பிடித்து முன்னும் பின்னும் ஒரு பக்கம் படிக்காமல் எதையும் நம்புவதில்லை.

அப்படித் தேடும்போதுதான் தெரிந்தது, எபிக்டெட்டஸிடமிருந்து வந்த பெரிய நூல் கையேடு இல்லை. 'உரைகள்' என்று அவருடைய வகுப்புப் பேச்சுகளே நாலு பாகம் மிஞ்சியிருக்கின்றன. அவற்றிலிருந்து பிழிந்து எடுத்ததுதான் கையேடு. பாடம் நடத்தாமல் பிட் பேப்பரை மட்டும் கையில் கொடுத்த மாதிரி. முதல் பாகத்தின் பதினோராவது பேச்சைப் படித்த இடத்தை என்னால் மறக்க முடியாது. ஐந்தே மெஷின் நிற்கிற ஹாலில் செக்கிங் டேபிள் மேல் உட்கார்ந்திருந்தேன். ஒரு அதிகாரி எபிக்டெட்டஸைப் பார்க்க வருகிறார். சமீபத்தில் என் மகளுக்கு உடம்பு ரொம்ப முடியாமல் போய்விட்டது, பார்க்கத் தாங்கவில்லை, வீட்டை விட்டு ஓடிவிட்டேன், குணமாகிவிட்டது என்று ஆள் வந்து சொன்ன பிறகுதான் திரும்பினேன் என்கிறார். பாசத்தால்தான் அப்படிச் செய்தேன் என்றும் சொல்கிறார். எபிக்டெட்டஸ் விடவில்லை. குழந்தையின் தாய்க்குப் பாசம் இல்லையா? அவளும் ஓடியிருக்க வேண்டுமா? வளர்க்கிற தாதிக்கும் பாசம் உண்டே, அவளும்? அப்படியானால் பாசமுள்ள எல்லோருமாகச் சேர்ந்து அந்தக் குழந்தையைத் தனியாக விட்டிருக்க வேண்டும், அப்படித்தானே? உனக்கு நோய் வந்தால் இப்படிப்பட்ட பாசத்தை நீ கேட்பாயா?

அந்த ஆள் தாங்க முடியாமல் ஓடினார், நான் தாங்குகிறேன் என்று காட்டிக்கொள்ள ஓடினேன். கட்டில் பக்கத்தில் ஆள் இல்லாமல் போனது இரண்டு பேர் கணக்கிலும் ஒன்றுதான். மூன்றாவது பாகத்தில் இன்னும் நேராகவே சொல்கிறார். நான் சிலையைப் போல உணர்ச்சியற்று இருக்கக் கூடாது, மகனாக, சகோதரனாக, தகப்பனாக, குடிமகனாக என் உறவுகளைப் பேண வேண்டும். சிலையைப் போல இருக்கக் கூடாது! நான் பார்த்த ஒவ்வொரு வீடியோவிலும் முகப்பில் இருந்தது சிலை. கையேட்டிலேயே முப்பதாவது பத்தியில் கடமை என்பது உறவை வைத்து அளக்கப்படுகிறது என்று எழுதியிருக்கிறது. மூன்றைத் தாண்டாதவன் முப்பதை எங்கே பார்த்தேன்.

வார்த்தைகள்தான் பெரிய கண்ணி என்று பிறகு புரிந்தது. 'அபதேயா' என்று ஸ்டோயிக்குகள் சொன்னதை ஆங்கிலத்தில் மரத்துப்போன நிலை மாதிரிக் காட்டிவிட்டார்கள். அவர்கள் ஒழிக்கச் சொன்னது பேராசை, நடுக்கம், பொறாமை மாதிரி நோயாகிப்போன உணர்ச்சிகளை. மகிழ்ச்சி, எச்சரிக்கை, நல்விருப்பம் என்று மூன்று ஆரோக்கியமான உணர்ச்சிகளையும் அவர்களே பட்டியல் போட்டிருக்கிறார்கள். 'அரெட்டே' என்பதை நல்லொழுக்கம் என்று படித்தால் பள்ளிக்கூடச் சுவர் வாசகம் மாதிரி ஆகிவிடும். பிளேட்டோவின் குடியரசு நூல் முதல் பாகத்தில் கொடி கழிக்கிற கத்திக்கும் கண்ணுக்கும் காதுக்கும்கூட அரெட்டே உண்டு என்று சாக்ரடீஸ் பேசுகிறார். தன் வேலையை நன்றாகச் செய்ய வைக்கும் திறம் என்று வைத்துக்கொண்டால் எனக்குப் பிடிபட்டது, எங்கள் கட்டிங் கத்திக்கும் அது உண்டு. (காதுக்கு 'அறம்' மாதிரி விழும். ஒலி ஒற்றுமைதான். வாட்ஸ்அப்பில் யாராவது கிளப்பினால் நம்பாதீர்கள்.) 'யூடைமோனியா'வை மகிழ்ச்சி என்று எடுத்தால் அன்றைய மனநிலை என்று ஆகிவிடும். அரிஸ்டாட்டில் பேசுவது ஒரு முழு ஆயுசு நன்றாக அமைவதைப் பற்றி. ஒரு தகைவிலான் குருவி வந்துவிட்டால் வசந்தம் வந்ததாக ஆகாது என்று அதைத்தான் சொன்னார்.

அரிஸ்டாட்டிலின் நிக்கோமாக்கியன் எத்திக்ஸ் 10 பாகம். முதல் பாகத்திலேயே மூன்று வாரம் சிக்கிக்கொண்டேன். எழுத்தாளர் எழுதிய நூல் மாதிரி இருக்காது, வாத்தியார் வகுப்புக்கு எடுத்துப்போன குறிப்பு மாதிரி இருக்கும். என் பேச்சைக் கேட்டால் எட்டாம் பாகத்தில் ஆரம்பியுங்கள். எட்டும் ஒன்பதும் முழுக்க நட்பைப் பற்றியது. பயனுக்காக, இன்பத்துக்காக, குணத்துக்காக என்று மூன்று வகை சொல்கிறார். முதல் வகை நட்பு பயன் தீர்ந்ததும் தீர்ந்துவிடும், ஏனென்றால் அவர்கள் பிரியமாக இருந்தது ஆளிடம் இல்லை, ஆதாயத்திடம். இதைப் படித்ததும் ஒரு பெரிய பாரம் இறங்கியது. 14 மெஷின் ஓடியபோது தினம் போன் செய்தவர்கள் 5 ஆனதும் காணாமல் போனார்கள், அவர்களைத் துரோகிகள் என்று இரண்டு வருஷம் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். துரோகம் எதுவும் நடக்கவில்லை. வகையைத் தப்பாக எழுதி வைத்தது என் பேரேடு. அதே இடத்தில், சேர்ந்து உப்புத் தின்னாமல் ஒருவரை ஒருவர் அறிய முடியாது என்ற பழமொழியையும் எடுத்துச் சொல்கிறார். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்ன ஊரில் இதற்கு உரை வேண்டாம். அந்த இரண்டு வருஷமும் வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா வந்து டீ குடித்துவிட்டுப் போனது கட்டிங் மாஸ்டர் ஒருத்தர்தான். அவருக்கு நான் 11 வாரச் சம்பளம் பாக்கி.

நடுநிலை என்ற அரிஸ்டாட்டிலின் பேர்போன கருத்தையும் பாதிப் பேர் தப்பாகத்தான் சொல்கிறார்கள், எல்லாவற்றிலும் பாதி என்று. 10 மினா எடைச் சாப்பாடு அதிகம், 2 குறைவு என்றால் பயிற்சியாளர் எல்லோருக்கும் 6 போட மாட்டார், மைலோ மாதிரி மல்லனுக்கு அது பத்தாது, புதிதாக வந்தவனுக்கு அது அதிகம் என்று அவரே சொல்லியிருக்கிறார். திருட்டுக்கும் கொலைக்கும் நடு அளவே கிடையாது என்றும் சொல்லியிருக்கிறார். நாலாம் பாகத்தில் கோபத்தைப் பற்றிப் பேசும்போது, கோபப்பட வேண்டிய விஷயத்துக்கு, வேண்டிய ஆளிடம், வேண்டிய அளவில், வேண்டிய நேரத்தில் கோபப்படுகிறவனைப் பாராட்டுகிறோம் என்கிறார். பட வேண்டிய இடத்தில் கோபப்படாதவன் மந்தம் என்றே எண்ணப்படுவான். ஸ்டோயிக்குகள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், கோபமே கூடாது என்பார்கள். எனக்கு அந்தச் சமயத்தில் தேவைப்பட்டது அரிஸ்டாட்டில். எதிர் எதிராகப் பேசுகிற இரண்டு பேரையும் படித்து வையுங்கள் என்பேன். ஒருத்தரை மட்டும் படித்தால் அவருடைய மருந்து நம் நோய்க்கு ஆகாமலும் போகலாம்.

ஸ்டோயிக்குகளும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னவர்கள் இல்லை. ஆரோக்கியமும் சொத்தும் நல்வாழ்வை முடிவு செய்பவை அல்ல, ஆனாலும் நியாயமாகக் கிடைக்கும்போது தேர்ந்தெடுக்கத் தக்கவை என்று அவர்கள் தனி வகையே வைத்திருந்தார்கள். ரோமானிய எழுத்தாளர் சிசரோ எடுத்துச் சொல்கிற அவர்களுடைய உவமை வில்லாளி. குறி பார்ப்பது, நாணை முழுசாக இழுப்பது அவன் வேலை, அம்பு விட்ட பிறகு நடப்பதுதான் அவன் கையில் இல்லை. நான் வில்லையே எடுக்காமல் 14 மாதம் இருந்துவிட்டு அதற்குத் தத்துவம் என்று பேர் வைத்திருந்தேன். 2024 பிப்ரவரியில் எடுத்தேன். என்னிடம் உத்யம் என்கிற சிறு குறு தொழிலுக்கான அரசுப் பதிவு முன்பே இருந்தது. சிறு குறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று 2006-ம் வருஷச் சட்டமே இருக்கிறது. இப்படி மாட்டிய பணத்துக்கான அரசின் சமாதான் தளத்தில் மனு போட்டேன். மனு போன பிறகுதான் அந்தப் பக்கம் பேச ஆள் வந்தார்கள். கடைசியில் 6,00,000-க்குச் சமரசம், 10 தவணை. 3,40,000 போனது போனதுதான். முதல் மாதமே போட்டிருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று கணக்குப் போடுவதை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறேன், அதற்குக் கையேட்டின் முதல் பத்தி நிஜமாகவே உதவுகிறது.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். எபிக்டெட்டஸ் சில இடங்களில், வீட்டில் புகை தாங்க முடியாவிட்டால் வெளியே போய்விடலாம், கதவு திறந்தே இருக்கிறது என்பார். அவர் பேசுவது உயிரை விடுவதைப் பற்றி. அந்தக் காலத்து ரோமின் கொடுங்கோன்மை வேறு, அந்த விவாதம் வேறு. ராத்திரி இரண்டு மணிக்குக் கடன் கணக்கோடு தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டிய பக்கம் அது இல்லை. நான் படித்தேன். அடுத்த நாள் புத்தகத்தை மூடிவிட்டு டாக்டரைப் பார்த்தேன், மூன்று மாதம் மருந்து சாப்பிட்டேன். கையில் இருப்பது தத்துவமோ சாமி படமோ, அப்படி ஒரு எண்ணம் வந்துவிட்டால் உடனே வீட்டில் யாரையாவது எழுப்புங்கள், இல்லை 14416-க்குப் போன் செய்யுங்கள், அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள்.

அரிஸ்டாட்டிலையும் கும்பிட்டுக்கொண்டு படிக்க வேண்டாம். அரசியல் நூலின் முதல் பாகத்தில் சிலர் பிறவியிலேயே அடிமைகள் என்று வாதாடுகிறார். அடிமையாக வளர்ந்த எபிக்டெட்டஸைப் படித்துவிட்டு அந்தப் பக்கத்துக்கு வந்தால் கோபம் வரும். வரட்டும், வேண்டிய ஆளிடம் வேண்டிய அளவில்.

கடன் அடைக்க மெஷின்களை விற்றபோது நடந்தது ஒன்று. ஒரு ஓவர்லாக் அரை மணி ஓடினால் சூடாகி நூல் அறுக்கும். வாங்க வந்தவர் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டினார். அப்போதுதான் சிசரோவின் கடமைகள் நூலில் வரும் ஒரு வழக்கைப் படித்திருந்தேன். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு வியாபாரி தானியக் கப்பலோடு வருகிறார். பின்னாலேயே இன்னும் பல கப்பல் வருவது அவருக்கு மட்டும் தெரியும். சொல்ல வேண்டுமா, சொல்லாமல் நல்ல விலைக்கு விற்கலாமா? பாபிலோனைச் சேர்ந்த டயோஜனீஸ் (ஜீனோ கதையை எழுதியவர் வேறு), பொய் சொல்லவில்லை, சட்டம் கேட்கும் குறையை மறைக்கவில்லை, அது போதும் என்கிறார். அவர் மாணவர் ஆன்டிபேட்டர், இல்லை, எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்கிறார். இரண்டு பேரும் ஸ்டோயிக்குகள். குருவும் சிஷ்யனும் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். இருபத்தியிரண்டு நூற்றாண்டுக்கு முந்தைய பேச்சு, நம் பேக்கரிக் கடை பெஞ்சில் கேட்கலாம். நான் சூடாகும் விஷயத்தைச் சொன்னேன், 4,000 ரூபாய் குறைந்தது. டயோஜனீஸாக இருந்தாலும் குறையுள்ள மெஷினைச் சொல்லத்தான் சொல்லியிருப்பார் என்று பிறகு யோசித்தபோது தோன்றியது, ஆக அதில் நான் பெரிதாக எதையும் சாதித்துவிடவில்லை.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்கிறவர்களுக்கு என் வரிசை இதுதான். முதலில் சாக்ரடீஸின் விசாரணையைச் சொல்லும் பிளேட்டோவின் அப்பாலஜி, பிறகு கிரிட்டோ. ஒவ்வொன்றும் ஒரே மூச்சில் முடிந்துவிடும். கி.மு. 399-ல் 70 வயதுக் கிழவர் நீதிமன்றத்தில் கெஞ்சாமல் நிற்பதைப் பார்த்தால் மற்றவர்கள் யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தெரிந்துவிடும். அடுத்து எபிக்டெட்டஸ் உரைகளின் முதல் பாகம். அதற்கப்புறம் அரிஸ்டாட்டிலின் நட்பு. கையேடு கடைசியில், ஏற்கெனவே தெரிந்ததை ஞாபகப்படுத்திக்கொள்ள. முடிந்தால் இன்னொரு ஆளோடு படியுங்கள், நான் கட்டிங் மாஸ்டருக்குத் தமிழில் சொல்லிச் சொல்லித்தான் பாதியைப் புரிந்துகொண்டேன். படித்ததை அன்றைக்கே ஒரு காரியத்தில் வைத்துப் பாருங்கள். டாக்டர் சொல்வதைக் கவனமாகக் கேட்டுவிட்டு மருந்தைச் சாப்பிடாத நோயாளி மாதிரி என்று வெறும் பேச்சுத் தத்துவக்காரர்களை அரிஸ்டாட்டில் திட்டுவார், 1105 பி.

மார்கஸ் அரேலியஸை நான் இப்போதுதான் படிக்கிறேன். ரோமாபுரிப் பேரரசர், ஆனால் தனக்காகக் கிரேக்கத்தில் எழுதிக்கொண்ட குறிப்புகள். முதல் பாகம் முழுக்கத் தான் யாரிடமிருந்து எதைக் கற்றேன் என்ற நன்றிப் பட்டியல். அதே மாதிரி ஒன்றைப் பழைய சம்பள நோட்டின் பின்பக்கத்தில் நானும் எழுத ஆரம்பித்திருக்கிறேன். 8 மெஷின் ஓடுகிறது. கடைசித் தவணை 60,000 இன்னும் வரவில்லை, திங்கள்கிழமைதோறும் போன் செய்கிறேன். ராத்திரியில் அம்மாவுக்குக் காலில் தைலம் தேய்ப்பது இப்போது என் வேலை. போன வாரம் தேய்த்துக்கொண்டே, மார்கஸ் தன் அம்மாவிடமிருந்து தெய்வ பக்தியும், தாராள குணமும், பணக்காரத்தனம் இல்லாத எளிமையும் கற்றதாக எழுதியிருப்பதைச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த ராசா அவங்கம்மாளப் பாத்துக்கிட்டானா?" என்று கேட்டார். அதுவும் அந்தப் பாகத்தின் கடைசியில் இருக்கிறது. அம்மாவுக்கு ஆயுசு குறைவாக இருந்தாலும் கடைசி வருஷங்களைத் தன்னோடு கழித்தார் என்று தெய்வங்களுக்கு நன்றி சொல்கிறார். சொன்னேன்.

"அப்பச் செரி," என்று அந்தக் காலை நீட்டினார்.